"சரி எது, தப்பு எதுன்னு அவனுக்குத் தெரியுமா?": ஒரு கொலை வழக்கில் டாக்டரிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி

ட்ரூ கிரைம் படிக்கிற, கேட்கிற, பார்க்கிற நண்பர்களுக்கான த்ரெட் இது. கொஞ்சம் நீளம்தான். சாவகாசமா படிங்க.

யூடியூபைத் திறந்தா "சைக்கோ கொலைகாரன்"னு வரிசையா வீடியோ வருது. முக்கால் மணி நேரம் ரத்தம். கடைசி ஒரு நிமிஷம், "அவன் ஒரு சைக்கோ, தூக்குல போட்டாங்க". அவ்வளவுதான், முடிஞ்சது கதை.

ஆனா "ஏன் கொன்றான்?" என்ற கேள்விக்கும் "என்ன தண்டனை?" என்ற கேள்விக்கும் நடுவில் ஒரு பெரிய இடம் இருக்கு. அந்த இடத்தில் மருத்துவமும் சட்டமும் 180 வருஷத்துக்கு மேல மல்லுக்கட்டிட்டு இருக்கு. அதை ஒரு வழக்கையும் அதைப் பற்றிய ஒரு புத்தகத்தையும் வெச்சுப் பார்ப்போம்.

புத்தகம், அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி எழுதிய 'இன் கோல்ட் பிளட்'. 1965-ல் 'தி நியூ யார்க்கர்' இதழில் நாலு பகுதியா வந்து, 1966 ஜனவரியில் புத்தகமாச்சு. இன்னைக்கு நாம பார்க்கிற ட்ரூ கிரைம் வகைக்கே இதுதான் மூத்த அண்ணன்.

முதல்ல வழக்கைச் சொல்லிடறேன்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஹோல்கம்னு ஒரு சின்ன ஊர். கோதுமை விளையும் பூமி. அங்கே ஹெர்ப் கிளட்டர் என்ற விவசாயி. வயது 48. ஊரில் நல்ல பெயர், குடிப்பழக்கம் கிடையாது, யாருக்குக் காசு கொடுத்தாலும் செக்தான். மனைவி பானி, மகள் நான்சி, 16 வயது. மகன் கென்யன், 15 வயது. மூத்த மகள்கள் இரண்டு பேர் வீட்டைவிட்டு வெளியே வசித்தார்கள்.

கிளட்டரிடம் முன்பு வேலை பார்த்த ஒருவர் பிறகு வேறொரு குற்றத்துக்காக லான்சிங் சிறைக்குப் போகிறார். அங்கே ஒரே அறையில் இருந்த ரிச்சர்ட் ஹிக்காக்கிடம், "எங்க முதலாளி வீட்டுல ஒரு இரும்புப் பெட்டி இருக்கு, பத்தாயிரம் டாலர் இருக்கும்"னு ஒரு பேச்சு விடுகிறார். ஹிக்காக் அதைப் பிடித்துக்கொண்டான். சிறையில் பழக்கமான பெர்ரி ஸ்மித்தைக் கூட்டுச் சேர்த்தான். இருவரும் பரோலில் வெளியே வந்தவர்கள்.

1959 நவம்பர் 15 அதிகாலை. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டி வந்து அந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். இரும்புப் பெட்டியே அங்கே இல்லை. கிடைத்தது நாற்பது, ஐம்பது டாலர், ஒரு ரேடியோ, ஒரு பைனாகுலர். நாலு பேரையும் கட்டிப்போட்டு, ஒவ்வொருவராகக் கொன்றுவிட்டுப் போனார்கள்.

சிறைக்குள் ரேடியோவில் செய்தி கேட்ட அந்தப் பழைய வேலைக்காரர், சிறை அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னார். ஆறு வாரத்தில், டிசம்பர் 30-ம் தேதி, லாஸ் வேகஸில் இருவரும் பிடிபட்டார்கள். வாக்குமூலமும் கொடுத்தார்கள்.

இதுவரைக்கும் இது போலீஸ் கதை. இனிமேதான் டாக்டர்கள் வர்றாங்க.

பெர்ரியின் வாக்குமூலத்தில் ஒரு விசித்திரம். ஹெர்ப் கிளட்டரை அடித்தளத்தில் கட்டிப்போடும்போது, சிமெண்ட் தரை குளிருமேன்னு அவருக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டியை விரித்திருக்கிறான். கென்யன் தலைக்கு ஒரு தலையணை வைத்திருக்கிறான். நான்சியிடம் தவறாக நடக்கப் பார்த்த ஹிக்காக்கைத் தடுத்திருக்கிறான். அதே பெர்ரிதான் கொஞ்ச நேரத்தில் அந்த மனிதரின் கழுத்தை அறுத்து, பிறகு சுட்டது.

ஒரே மனுஷன், ஒரே இரவு, ஒரே கைகள். இதை எப்படிப் புரிஞ்சுக்கிறது?

1960 மார்ச்சில் விசாரணை. குற்றவாளிகளின் மனநிலையைச் சோதிக்க வேண்டும், அதற்கு லார்னெட் அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று வக்கீல்கள் கேட்டார்கள். நீதிபதி மறுத்துவிட்டார். பதிலாக உள்ளூர் டாக்டர்கள் மூன்று பேரை நியமித்தார். என்னைப் போன்ற பொது மருத்துவர்கள், மனநல மருத்துவர்கள் இல்லை. ஒரு மணி நேரம் போலப் பேசிப் பார்த்துவிட்டு "இருவருக்கும் மனநோய் இல்லை"ன்னு சொல்லிவிட்டார்கள் என்கிறது புத்தகம்.

இந்த இடத்தில் ஒரு பொது மருத்துவரா நான் சொல்றேன். காய்ச்சல், சர்க்கரை, பாம்புக்கடி, பிரசவம் எல்லாம் நாங்க பார்ப்போம். தூக்குத்தண்டனை தொங்கிக்கொண்டிருக்கும் ஒருவனின் மனநிலையை ஒரு மணி நேரப் பேச்சில் முடிவு செய்வது எம்பிபிஎஸ் டாக்டரின் வேலை இல்லீங்க. ஒரு மனநல மருத்துவருக்கே அதற்குப் பல நாள் கவனிப்பு, பழைய மருத்துவக் குறிப்புகள், குடும்பத்தாரின் பேச்சு, தேவைப்பட்டால் மூளைப் பரிசோதனை எல்லாம் வேணும்.

பிறகு லார்னெட் மருத்துவமனையிலிருந்து டாக்டர் மிட்செல் ஜோன்ஸ் என்ற மனநல மருத்துவர் தாமாக முன்வந்தார். இருவரையும் தங்கள் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார். ஜூரிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஒருபக்கம் நடக்க, இவர்கள் நீதிமன்றத்திலேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஜோன்ஸ் அதையெல்லாம் படித்தார், அவர்களிடம் பேசினார், சாட்சிக் கூண்டில் ஏறினார்.

கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "குற்றம் செய்த நேரத்தில், சரி எது தப்பு எதுன்னு இவனுக்குத் தெரிந்திருந்ததா?"

ஹிக்காக்கைப் பற்றி, வழக்கமான அர்த்தத்தில் தெரிந்திருந்தது என்றார். அதற்கு மேல் விளக்க அனுமதி இல்லை. பெர்ரியைப் பற்றி உங்களுக்குக் கருத்து உண்டா என்ற கேள்விக்கு, இல்லை என்றார். அதற்கும் விளக்கம் சொல்ல விடவில்லை. இறங்கிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் முடிவெடுத்தது. இருவருக்கும் மரண தண்டனை.

சரி, அந்த ஒற்றைக் கேள்வி எங்கிருந்து வந்தது? அதற்கு 1843-க்குப் போகணும். லண்டன்.

டேனியல் மெக்நாட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், மரம் கடைசல் தொழிலாளி. ஆளுங்கட்சிக்காரர்கள் தன்னைத் துரத்தித் துரத்திக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று உறுதியாக நம்பினார். நாங்க டெல்யூஷன்னு சொல்வோமே, ஆதாரம் காட்டினாலும் அசையாத பொய் நம்பிக்கை, அது. 1843 ஜனவரி 20-ல் பிரதமர் ராபர்ட் பீலின் தனிச் செயலாளர் எட்வர்ட் டிரமண்டை முதுகில் சுட்டார். அவரையே பிரதமர்னு நினைத்துச் சுட்டார் என்பதுதான் பரவலான கருத்து. ஐந்து நாளில் டிரமண்ட் இறந்துவிட்டார்.

விசாரணையில் வரிசையா டாக்டர்கள் வந்து, இவர் மனநோயாளி என்றார்கள். ஜூரி விடுதலை செய்தது. விடுதலைன்னா வீட்டுக்கு அனுப்பல. மீதி வாழ்நாள் முழுக்க, 1865-ல் சாகும் வரை, மனநோயாளிகளுக்கான காப்பகங்களில்தான் இருந்தார்.

ஆனா நாடே கொதித்தது. விக்டோரியா மகாராணிக்கே கோபம். அவர் மீதும் அதற்கு முன் கொலை முயற்சி நடந்திருந்தது, இல்லையா? பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டு, பைத்தியம் என்று சட்டம் யாரைச் சொல்லணும்னு விளக்கம் கேட்டது. அவர்கள் சொன்ன பதில்தான் மெக்நாட்டன் விதி. மனநோயால், தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் இருந்தாலோ, அல்லது அது தப்பு என்று தெரியாமல் இருந்தாலோதான் விலக்கு.

அதாவது, விடுதலையான ஒருவர் மேல் வந்த கோபத்தில் பிறந்த விதிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. அது கடல் தாண்டி அமெரிக்காவுக்கும் போச்சு. 117 வருஷம் கழித்து கான்சாஸில் ஒரு டாக்டரின் வாயை அடைத்ததும் அதுவே.

அந்த டாக்டரை முழுசா பேச விட்டிருந்தா என்ன சொல்லியிருப்பார்? கபோட்டி அதைத் தேடிப்பிடித்துப் புத்தகத்தில் எழுதினார். நீதிமன்றம் கேட்காததை லட்சக்கணக்கான வாசகர்கள் கேட்டார்கள்.

ஹிக்காக்: 1950-ல் ஒரு கார் விபத்தில் தலையில் பலத்த அடி. முகமே கோணிப்போனது. மூளையில் பாதிப்பு உண்டா என்று பரிசோதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது ஜோன்ஸின் கருத்து. கூடவே, முன்யோசனை இல்லாத, அடுத்தவர் வலி உறைக்காத, கடுமையான குணக்கோளாறு.

பெர்ரி: அம்மா குடிக்கு அடிமை. சின்ன வயதிலேயே குடும்பம் சிதறியது. கூடப்பிறந்தவர்களில் தற்கொலைச் சாவு. அனாதை விடுதி. ராத்திரி படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் அவனுக்கு இருந்தது. அதற்காக விடுதியில் அடி, அவமானம். ஒரு இடத்தில் ஐஸ் தண்ணீரில் முக்கினார்கள், நிமோனியாவே வந்துவிட்டது. பெரியவனான பிறகு மோட்டார் சைக்கிள் விபத்தில் இரண்டு காலும் நொறுங்கி, ஓயாத வலி. ஆஸ்பிரினை மிட்டாய் போல மென்றுகொண்டே இருப்பான். தீவிர மனநோயின் அடையாளங்கள் அவனிடம் தெரிகின்றன என்று ஜோன்ஸ் எழுதினார்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. படுக்கையில் சிறுநீர் போகும் குழந்தை கொலைகாரன் ஆகும்னு நான் சொல்லல. அப்படி யாராவது சொன்னா நம்பவும் வேண்டாம். எங்க ஓபிக்கு இந்தத் தொந்தரவோட வருகிற குழந்தைகள் நிறைய. பெரும்பாலும் வளர வளர தானா சரியாகிடும். சரியாகாதவங்களுக்கு மருந்தும் பயிற்சியும் இருக்கு. குழந்தை வேணும்னு செய்வதில்லை, ப்ளீஸ் அடிக்காதீங்க, சூடு வைக்காதீங்க, சொந்தக்காரங்க முன்னாடி சொல்லிச் சிரிக்காதீங்க.

டொபீகா நகரில் மெனிங்கர் கிளினிக் என்று புகழ்பெற்ற மனநல நிலையம் இருந்தது. அங்கிருந்த டாக்டர் ஜோசப் சாட்டனும் மூன்று சக ஆய்வாளர்களும், கிளட்டர் வழக்கு விசாரணை நடந்த அதே 1960-ல், வெளிப்படையான காரணமே இல்லாத கொலைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது வேறு நாலு கொலைக் குற்றவாளிகளை. அந்த நாலு பேரிடமும் பொதுவாக இருந்தவை: சிறுவயதில் கடும் வன்முறை, கோபத்தைக் கட்டுப்படுத்த முடியாத வரலாறு, நினைவுக்கும் கனவுக்கும் நடுவில் நழுவிப்போகும் தருணங்கள். எதிரில் இருக்கும் முன்பின் தெரியாத மனிதர், பழைய காயத்தில் இருந்த யாரோ ஒருவராக ஒரு கணம் மாறிப்போகிறார்.

பெர்ரியின் குறிப்புகளைப் பார்த்த சாட்டன், இவனும் அந்த வகைதான் என்று கருதினார். தலையணை வைத்த கையே கத்தி எடுத்ததற்கு ஒரு மருத்துவர் தந்த விளக்கம் அது. சரியா தப்பான்னு விவாதிக்கலாம். அறுபது வருஷத்துக்கு முந்தைய உளவியல், இன்றைக்கு அதில் பலதை நாம் வேறு மாதிரி சொல்வோம். ஆனா விவாதிக்கவாவது அது நீதிமன்றத்துக்கு வந்திருக்கணும், இல்லையா?

உடனே நீங்க கேட்பீங்க. "அப்போ அவனை விட்டுடலாமா டாக்டர்? கஷ்டப்பட்டவன் எல்லாம் கொலை பண்றானா?"

நியாயமான கேள்வி. விட்டுடலாம்னு நான் சொல்லல. கஷ்டப்பட்டவங்க எல்லாரும் கொலை செய்வதில்லை, பெர்ரி அளவுக்கு அடிபட்டு வளர்ந்த எத்தனையோ பேர் யாரையும் ஒரு வார்த்தை சுடுசொல் சொல்லாமல் வாழ்கிறார்கள். நாலு பேர் செத்திருக்காங்க. அவங்களுக்கு யாரும் தலையில் அடிபட்டுதா, சின்ன வயசு எப்படி இருந்துச்சுன்னு விசாரிக்கல.

நான் சொல்ல வர்றது வேற. காரணம் சொல்வது மன்னிப்பு கேட்பது ஆகாது. ஒரு நோயாளி ஏன் செத்தார்னு நாங்க போஸ்ட்மார்ட்டத்தில் தேடுவது சாவை நியாயப்படுத்த இல்லையே. அடுத்த சாவைத் தடுக்கத்தான். கொலைகாரன் விஷயத்திலும் "ஏன்" என்ற கேள்விக்கு முழுப் பதில் வேணும். குற்றமா இல்லையா என்பது ஒரு கேள்வி. என்ன தண்டனை என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு ஒரு சொல் பதில் போதுமா இருக்கலாம். ஓர் உயிரை எடுக்கலாமா என்ற இரண்டாவது கேள்விக்குப் போதாது.

1965 ஏப்ரல் 14 நள்ளிரவு தாண்டி, லான்சிங் சிறையில் முதலில் ஹிக்காக், பிறகு பெர்ரி. இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். ஹிக்காக் தொங்கி இருபது நிமிடம் கழித்தே சிறை டாக்டர் இறப்பை உறுதி செய்தார் என்று கபோட்டி எழுதுகிறார். விசாரணையில் ஒரு டாக்டருக்கு ஒற்றை வரி பதில். தூக்குமேடையில் இன்னொரு டாக்டருக்கு ஒற்றை வரி அறிவிப்பு. இரண்டுக்கும் நடுவில் ஐந்து வருஷம்.

இனி புத்தகத்தின் மறுபக்கம். அதையும் சொல்லணும்.

கபோட்டி பெர்ரியோடு ரொம்ப நெருக்கமானார். சிறைக்குப் போனார், கடிதம் எழுதினார், புத்தகம் வாங்கிக் கொடுத்தார். ஆனா தூக்கு நடக்காமல் புத்தகத்துக்கு முடிவு இல்லை. மேல்முறையீடு ஒவ்வொன்றும் தள்ளிப்போகத் தள்ளிப்போக, எப்போது முடியும் என்று நண்பர்களுக்குப் புலம்பிக் கடிதம் எழுதியிருக்கிறார். புத்தகம் வந்ததும் கென்னத் டைனன் என்ற பிரிட்டிஷ் விமர்சகர், இவர்களைக் காப்பாற்ற நீ போதுமான முயற்சி எடுத்தாயா என்று நேராகவே கேட்டார். கபோட்டிக்கு அது ஆறாத காயம்.

முழுக்க முழுக்க உண்மை என்று சொல்லி விற்ற புத்தகத்தில், கடைசிக் கல்லறைக் காட்சி நடக்கவே இல்லை என்பதும் பிறகு வெளிவந்தது. கிளட்டர் தம்பதியின் மூத்த மகள்கள், எங்கள் குடும்பத்தைத் தவறாகக் காட்டிவிட்டார் என்று பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார்கள். கொன்றவனின் மனதுக்கு நூறு பக்கம் கொடுத்த எழுத்தாளர், கொல்லப்பட்ட பானியை எப்போதும் படுக்கையில் கிடக்கும் மனச்சோர்வு நோயாளியாகவே வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்.

ட்ரூ கிரைம் பார்க்கும்போது இதை மனசுல வெச்சுக்கோங்க. கதை சொல்கிறவருக்கும் ஒரு முடிவு தேவைப்படுது. அந்த முடிவுக்கு ஏத்த மாதிரி ஆட்கள் வெட்டித் தைக்கப்படலாம்.

இதெல்லாம் அமெரிக்காக் கதை, நமக்கு என்னன்னு கேட்கலாம். மெக்நாட்டன் விதி நம்ம சட்டத்துக்குள்ளயும் இருக்குங்க. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவு கிட்டத்தட்ட அதேதான். 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் அது 22-வது பிரிவு. எண் மாறியது, அடிப்படை மாறல. மருத்துவம் மனநோய் என்று சொன்னால் மட்டும் போதாது, குற்றம் நடந்த அந்த நேரத்தில் அறிவு வேலை செய்ததா என்பதைத்தான் சட்டம் பார்க்கும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

அரசு டாக்டர்களுக்கு கோர்ட் சம்மன் புதுசில்ல. போஸ்ட்மார்ட்டம், காயச் சான்று, ஏஆர் காப்பி என்று வருஷம் முழுக்க சாட்சிக் கூண்டு ஏறி இறங்குகிறோம். "ஆமாவா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க டாக்டர்" என்ற குரல் எங்க எல்லாருக்கும் பழக்கம். காயத்தின் நீள அகலத்துக்கு அது சரி. மனசுக்கு அப்படி ஸ்கேல் வெச்சு அளந்து சொல்ல முடியாது.

நல்ல செய்தியும் இருக்கு. 1980-ல் பச்சன் சிங் வழக்கில், அரிதினும் அரிதான வழக்கில்தான் மரண தண்டனை என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 2014-ல் சத்ருகன் சௌகான் வழக்கில், மனநோயாளியான கைதியைத் தூக்கிலிடக் கூடாது என்றது. 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், மரண தண்டனை தருமுன் அந்த ஆளின் மனநல மதிப்பீடு, வளர்ந்த சூழல், சிறையில் நடந்துகொண்ட விதம் எல்லாம் நீதிபதி முன்னால் வரணும் என்றது. ஜோன்ஸுக்குக் கிடைக்காத இடம் அது. காகிதத்தில் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு விசாரணை நீதிமன்றத்திலும் நடைமுறைக்கு வருவதுதான் பாக்கி.

கான்சாஸ் எந்தப் பக்கம் போச்சு தெரியுமா? நேர் எதிர்ப்பக்கம். 1990-களில் அந்த மெக்நாட்டன் விலக்கையே எடுத்துவிட்டது. கொல்லும் எண்ணமே உருவாக முடியாத அளவு நோய் இருந்தால் மட்டும் பார்ப்போம், சரி தப்பு தெரியாதது எல்லாம் கணக்கில் இல்லை என்று சட்டம். 2020 மார்ச்சில் கேலர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அது செல்லும் என்றது.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரேயர் ஓர் உதாரணம் சொன்னார். மனநோயால், எதிரில் நிற்கும் மனிதரை நாய் என்று நினைத்துச் சுட்டால் கான்சாஸில் தப்பிக்கலாம். நாய் தனக்குக் கட்டளையிட்டதாக நம்பி மனிதரைச் சுட்டால் தப்பிக்க முடியாது. இரண்டு பேருக்கும் நோய் ஒன்றுதான். எங்க கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சட்டத்தின் கண்ணுக்கு ஒருவர் நோயாளி, ஒருவர் கொலைகாரர்.

கடைசியா ஒன்று. இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்.

"சைக்கோ" என்ற சொல்லை வீடியோக்கள் தெருவுக்குக் கொண்டுவந்துடுச்சு. அதனால அடிபடுவது கொலைகாரன் இல்லை. மாத்திரை வாங்க மாசாமாசம் வரிசையில் நிற்கிற சாதாரண மனநோயாளி. அவரைப் பார்த்து வீட்டு ஓனர் பயப்படுகிறார், சம்பந்தம் பேச வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். அந்தப் பயத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள்தான் அதிகம் தாக்கப்படுகிறார்கள். கொலை செய்கிறவர்களில் பெரும்பாலோருக்குத் தீவிர மனநோயும் கிடையாது.

அதனால அடுத்த முறை ஒரு கொலைக் கதை கேட்கும்போது மூன்று கேள்வி கேளுங்க. செத்தவங்களைப் பற்றி இந்தக் கதை எவ்வளவு சொல்லுச்சு? கொன்றவன் ஏன் கொன்றான்னு ஒரு சொல்லுக்கு மேல சொல்லுச்சா? அந்தப் பதில் தண்டனைக்கு முன்னாடி நீதிமன்றத்துக்குப் போச்சா, இல்ல எல்லாம் முடிஞ்ச பிறகு புத்தகத்துக்குத்தான் வந்துச்சா?

உங்க வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது மனசு சரியில்லைன்னா, "சைக்கோ"ன்னு பட்டம் கட்டாம அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. நேரில் வரத் தயக்கமா இருந்தா டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் பேசலாம்.

பிடிச்சிருந்தா நாலு பேருக்குப் பகிருங்க.